பாசி என்ன விலை? குளிர் நாடுகள் எழுபது ஆண்டுகளாகப் போடும் கணக்கு



சென்ற மாதம் காலை நடைப்பயிற்சியில் டி பிளாக் நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். அவர் மகன் இங்கே கைநிறையச் சம்பளம் வாங்கிய வேலையை விட்டுவிட்டு நெதர்லாந்தில் ஒரு கம்பெனியில் சேரப் போகிறானாம். என்ன கம்பெனி என்று கேட்டேன். "பாசி வளர்க்கிறாங்களாம் சார், சாப்பிடறதுக்கு" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "நீங்க காஸ்டிங்ல இருந்தவர். இந்தத் தொழில் நிக்குமான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன். அவன் அம்மா தூங்கவே மாட்டேங்கிறா."

பாசி என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது, நம் ஓவர்ஹெட் டேங்க்கின் உள்சுவரில் வழுவழுவென்று படிவதுதான். அதைச் சுரண்டி எடுக்க நாம் காசு கொடுத்து ஆள் வைக்கிறோம். அந்தச் செலவு உங்கள் மெயின்டனன்ஸ் கணக்கில் ஒரு வரியாக வருகிறது. அதையே காசு போட்டு வளர்த்து, காயவைத்து, தட்டில் வைக்கிறார்கள் என்றால், அதுவும் டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட வெளிச்சம் இல்லாத ஊரில் என்றால், வாழ்நாளெல்லாம் ஃபாக்டரிக் கணக்கு எழுதிய எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். நண்பருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்லலாமே என்று செயற்குழுவில் சொன்னார்கள். அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் பேசப்போவது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி. அதில் இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒன்று குளோரெல்லா, ஒரே செல்லாலான பச்சை உருண்டை. இன்னொன்று ஸ்பைருலினா, நம்மூரில் சுருள்பாசி என்று மாத்திரையாக விற்கிறார்களே, அது. குளோரெல்லாவைத் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டியவர் பெயரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி. ஆண்டு 1890. ஆக, நண்பரின் மகன் போகிற நாட்டில்தான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு அது ஆய்வகத்துப் பிள்ளையாகவே இருந்தது. பெர்லினில் ஓட்டோ வார்பர்க் ஒளிச்சேர்க்கையை ஆராய அதைப் பயன்படுத்தினார். சாப்பாட்டுப் பேச்சே இல்லை.

சாப்பாட்டுப் பேச்சைக் கொண்டுவந்தது போர்தான். இரண்டாம் உலகப் போரில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் ஜெர்மனி தவித்தபோது, ஹார்டர், ஃபான் விட்ஷ் என்ற இருவர் 1942-இல் ஒரு யோசனை சொன்னார்கள்: டயட்டம் என்ற நுண்பாசியைப் பெருமளவில் வளர்த்துக் கொழுப்பு எடுக்கலாமா? அது நடக்கவில்லை. ஆனால் போர் முடிந்ததும் பயம் உலகம் முழுக்கப் பரவியது. மக்கள்தொகை ஏறுகிறது, மண் வளம் குறைகிறது, எல்லோரும் பட்டினி கிடக்கப் போகிறோம் என்று அமெரிக்காவில் 1948-இல் மட்டும் இரண்டு பெரிய புத்தகங்கள் வந்தன. வில்லியம் வோக்ட் எழுதியது ஒன்று, ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் எழுதியது மற்றொன்று. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் கார்னகி நிறுவனத்தின் விஞ்ஞானிகளான ஸ்போரும் மில்னரும் குளோரெல்லா பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். காய்ந்த பாசியில் ஏறக்குறைய பாதி எடை புரதம். கொடுக்கும் நைட்ரஜன் சத்தைக் குறைத்தால் அதே பாசி புரதத்தைக் குறைத்துக்கொண்டு கொழுப்பைச் சேர்க்கிறது.

இதை நம் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பாருங்கள். துவரம்பருப்பில் நூறு கிராமுக்கு இருபது கிராமைச் சற்றுத் தாண்டும் புரதம். சோயாவில் நாற்பதுக்குப் பக்கம். இதில் ஐம்பது. தவிர வேர் கிடையாது, தண்டு கிடையாது, உமி கிடையாது. விளைந்ததெல்லாம் உணவு. அந்தக் காலத்து விஞ்ஞானிகள் சற்று மயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து நடந்தது நம் போன்ற அடுக்குமாடிக்காரர்களுக்குப் பிடிக்கும். 1951-இல் கார்னகி நிறுவனம் ஆர்தர் டி. லிட்டில் என்ற கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தது. அவர்கள் பாஸ்டன் நகரை ஒட்டிய கேம்பிரிட்ஜில், ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடியில் சோதனை ஆலையைப் போட்டார்கள். மெல்லிய பாலித்தீன் குழாய்களை மாடியில் பரப்பி, அதற்குள் பச்சைத் தண்ணீரை பம்ப் வைத்துச் சுற்றவிட்டார்கள். கூடவே கரியமில வாயு கலந்த காற்று. பாஸ்டனில் குளிர்காலம் என்றால் பனி முழங்காலுக்கு வரும். அதனால் அவர்களைக் குளிர்தான் படுத்தியிருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் படுத்தியது வெயில்! மூடிய பிளாஸ்டிக் குழாய் கோடை வெயிலில், கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் மாதிரி கொதித்தது. அப்போது கையிலிருந்த குளோரெல்லா வகைக்கு 25 டிகிரி செல்சியஸ்தான் சுகம். அதற்குமேல் போனால் சுணங்கியது. குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட்ட வேண்டியிருந்தது. 39 டிகிரியிலும் செழிக்கும் ஒரு வகையை டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் மையர்ஸின் ஆய்வகத்தினர் 1953-இல் அறிவித்தார்கள்.

குளிர்ந்த நாட்டுக் கணக்கின் முதல் சிக்கல் இதில் அடங்கியிருக்கிறது. அங்கே பாசிக்காரருக்கு இரண்டு பில் வருகிறது. கோடையில் குளிர்விக்க ஒன்று, மற்ற நாளில் சூடாக்க ஒன்று. வருஷம் முழுக்க ஒரே சீராக இருக்கும் வெக்கை, நாம் திட்டிக்கொண்டே இருக்கிறோமே அது, பாசிக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் கொதிகலன்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. அதை விளக்க ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். ஓர் ஆலைக்குக் கடன் தவணை, தேய்மானம், நிரந்தர ஆட்களின் சம்பளம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 100 கிலோ பாசி என்று பன்னிரண்டு மாதமும் விளைந்தால் 1,200 கிலோ. கிலோவின் தலையில் 1,000 ரூபாய் விழும். அதே ஆலை ஐந்து மாதம்தான் விளைகிறது என்றால் 500 கிலோ. கிலோவுக்கு 2,400 ரூபாய். பாசி அதே பாசி, குழாய் அதே குழாய். ஆனால் பாசி விளையாத மாதத்திலும் வங்கிக்காரர் வருவார். நம் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் ஓடாவிட்டாலும் அதன் ஏ.எம்.சி.யை நாம் கட்டுகிறோம் இல்லையா, அதுபோல.

அதோடு வெளிச்சத்தின் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஓர் ஆண்டில் விழும் சூரிய சக்தி, நம் மின்சார மொழியில் சொன்னால், சுமார் 1,000 யூனிட். தமிழ்நாட்டில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு.

கேம்பிரிட்ஜ் மாடியில் கற்றதையும் மற்ற நாடுகளில் நடந்த சோதனைகளையும் சேர்த்து ஜான் பர்லூ தொகுத்த புத்தகத்தை 1953-இல் கார்னகி நிறுவனமே வெளியிட்டது. இந்தத் துறையில் இன்றைக்கும் அதைத்தான் முதல் நூலாகக் காட்டுகிறார்கள். பாசியை வளர்க்க முடியும் என்பதை அது நிரூபித்தது. சோயாவின் விலைக்கு விற்க முடியுமா என்ற இடத்தில்தான் எல்லோருக்கும் தொண்டை அடைத்தது.

ஜப்பானியர்கள் விடவில்லை. போரில் தோற்று, உணவுக்குத் தட்டுப்பாடாக இருந்த நாடு அது. டோக்கியோவில் தமியா என்ற பேராசிரியரின் குழு குளோரெல்லாவை வளர்த்ததோடு, 1954-இல் அதை மனிதர் உண்பது பற்றியும் எழுதியது. நூடுல்ஸ், ரொட்டி, சூப், ஐஸ்கிரீம் என்று எதில் போட்டால் வாசனை தெரியாது என்று தேடினார்கள். நம் வீட்டில் பிள்ளைகளுக்குக் கீரையை மாவில் பிசைந்து சப்பாத்தியாக ஒளித்துக் கொடுப்போமே, அதே தந்திரம்தான். வாசனை போதாதென்று குளோரெல்லாவின் செல் சுவர் வேறு தடித்தது, நம் வயிறு அதை எளிதில் உடைக்காது. உடைத்துப் பொடியாக்குவது இன்னொரு செலவு. கடைசியில் ஜப்பானில் அது உணவாக ஜெயிக்கவில்லை, மாத்திரையாக ஜெயித்தது. அத்துடன் விளைச்சல் தெற்கே நகர்ந்தது. டோக்கியோவின் குளிரை விட்டுத் தைவானுக்கும், ஒகினாவாவைச் சேர்ந்த இஷிகாகி தீவுக்கும் போய்விட்டது. வாங்குபவர் வடக்கில், பாசி வெயிலில்.

இதற்குள் 1960-களில் வயல் முந்திக்கொண்டது. குட்டை ரகக் கோதுமை, புது நெல், அமெரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் சோயா. பட்டினிப் பயத்தை வைத்துப் பாசிக்குப் பணம் கேட்டவர்களின் வாதம் வலுவிழந்தது. விலை விஷயத்தில் ஒரு சோயாச் செடியோடு போட்டி போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குக் குழாய் வேண்டாம், பம்ப் வேண்டாம், காயவைக்க மின்சாரம்கூடப் பெரிதாக வேண்டாம். மண்ணில் நின்றுகொண்டு தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது.

ஆனாலும் குளிர் நாடுகளில் சிலர் விடாமல் முட்டிப் பார்த்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் செக்கோஸ்லோவாக்கியர்கள். தெற்கு பொஹீமியாவில் த்ரெபோன் என்ற சிற்றூர். மத்திய காலத்திலிருந்து மீன் வளர்க்கும் குளங்களுக்குப் பெயர் போன இடம். அங்கே ஒரு பழைய தண்ணீர் மாவு மில் வளாகத்தில் 1960 வாக்கில் இவான் ஷெட்லிக் என்பவரின் குழு பாசி ஆய்வைத் தொடங்கியது. மற்ற ஊர்களில் எல்லோரும் குளம் வெட்டினார்கள். இவர்கள் சாய்வான கண்ணாடித் தளம் அமைத்து, அதன்மேல் பாசித் தண்ணீரை மெல்லிய படலமாக வழியவிட்டார்கள். பின்னாளில் அந்தப் படலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, ஆறேழு மில்லிமீட்டராக மெலிந்தது. தோசைக்கல்லில் மாவு தேய்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் என்ன லாபம்? சாதாரணக் குளத்தில் தண்ணீர் இருபது முப்பது சென்டிமீட்டர் ஆழம். அவ்வளவு தண்ணீரும் காலை வெயிலில் சூடேற மதியம் ஆகிவிடும். குளிர் நாட்டில் அந்தக் காலை நேரம் வீணாவது பெரிய நஷ்டம். மெல்லிய படலமோ சூரியன் பட்டதும் சூடாகிவிடும். இரவிலும் மழையிலும் எல்லாவற்றையும் ஒரு தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள், வெப்பம் அவ்வளவு சீக்கிரம் போகாது. இதைவிடப் பெரிய லாபம் அறுவடையில். குளத்தில் ஒரு லிட்டருக்கு அரை கிராம், ஒரு கிராம்தான் பாசி. ஒரு கிலோ எடுக்க 2,000 லிட்டர் தண்ணீரை, நம் மாடியில் நிற்கும் பெரிய சின்டெக்ஸ் ஒன்றின் அளவு, வடிகட்ட வேண்டும். த்ரெபோன் தளத்தில் லிட்டருக்கு முப்பது கிராமுக்கு மேல் அடர்த்தியாக்க முடிந்தது. அதே ஒரு கிலோவுக்கு இரண்டு தண்ணீர் கேன் அளவு போதும். பால் பண்ணையில் கிரீம் பிரிக்கிற மாதிரி சென்ட்ரிஃபியூஜில் சுற்றித்தான் பாசியைப் பிரிக்கிறார்கள். எவ்வளவு தண்ணீரைச் சுற்றுகிறோமோ அவ்வளவு மின்சாரம்.

1970-இல் ஷெட்லிக் குழுவினர் மிதவெப்ப நாடுகளுக்கான பாசி வளர்ப்பு முறை என்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். குளிர் நாட்டின் கணக்கைக் குளிர் நாட்டிலேயே உட்கார்ந்து நேர்மையாகப் போட்டவர்கள் என்று எனக்கு அவர்கள்மேல் மரியாதை. ஆனால் அவர்களாலும் காலண்டரை மாற்ற முடியவில்லை. மே முதல் செப்டம்பர் வரைதான் திறந்தவெளி வேலை. மேலே நான் போட்ட ஐந்து மாதக் கணக்கை இப்போது திரும்பப் படியுங்கள்.

ஜெர்மனியின் பாதை வேறு. ரூர் பகுதி நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர் பெற்றது, புகைபோக்கிகளில் கரியமில வாயு வீணாகப் போகிறது. அதைப் பாசிக்கு ஊட்டலாமே என்று எஸ்ஸென் நகரில் 1950-களின் தொடக்கத்தில் ஒரு நிலையம் வேலை செய்தது. பிறகு பக்கத்து டார்ட்மண்டில் ஸோடர் என்பவர் தலைமையில் ஆராய்ச்சி நடந்தது. அங்கிருந்து அவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? தாய்லாந்து, பெரு, நம் மைசூர். மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் இந்திய–ஜெர்மன் பாசித் திட்டம் நடந்தது. வெங்கடராமனும் பெக்கரும் அதில் முக்கியமானவர்கள். பாசியை நன்றாக வளர்க்கத் தெரிந்த ஜெர்மானியர்கள், வளர்க்க வேண்டிய இடம் தங்கள் ஊர் இல்லை என்று ஒரு வகையில் ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன். இன்று புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் திறந்த தொட்டிகளில் சுருள்பாசி வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். சுருள்பாசிக்கு 30 முதல் 37 டிகிரி வேண்டும். ஊனையூரில் அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை.

ஆனால் 2000-இல் ஜெர்மனி இன்னொரு முறை இறங்கியது, இந்தமுறை பெரிதாக. வடக்கே க்ளோட்ஸே என்ற ஊரில் 1.2 ஹெக்டேர் கண்ணாடிக் கூடத்துக்குள் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய்! சென்னையில் ஆரம்பித்தால் மதுரையைத் தாண்டிவிடும் நீளம். அதற்குள் 700 கன மீட்டர் குளோரெல்லாத் தண்ணீர். ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் என்பது இலக்கு. மூன்று ஏக்கர் நிலத்தில் நூறு டன் என்றால் எந்த விவசாயியும் வாயைப் பிளப்பார். சோயா ஒரு ஹெக்டேருக்கு மூன்று டன் கொடுத்தால் நல்ல விளைச்சல். ஆனால் கணக்கு எழுதுபவன் நிலத்தைப் பார்க்க மாட்டான், குழாயைப் பார்ப்பான். ஜெர்மனியில் நிலம் அவ்வளவு அரிதான சரக்கு இல்லை. 500 கிலோமீட்டர் கண்ணாடி, அதைக் கழுவுவது, அதற்குள் இரவும் பகலும் ஓடும் பம்ப், இவைதான் செலவு. விலை குறைந்த பொருளை மிச்சப்படுத்த விலை அதிகமான பொருளைக் கொட்டியிருக்கிறார்கள். ஆலை உரிமையாளர் கை மாறியது. குளோரெல்லா பொடியும் மாத்திரையுமாக வெளியே வந்தது. மாவு மூட்டையாக வரவில்லை.

பிறகு வாகனிங்கன். நெதர்லாந்தில் விவசாயப் படிப்புக்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம், நண்பரின் மகனுக்கும் அங்கே ஆட்களைத் தெரியுமாம். அங்குள்ளவர்கள் 2011-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இந்த இரண்டு வாரத்தில் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த காகிதம் அது. பெரிய அளவில் செய்தால் ஒரு கிலோ பாசி திறந்த குளத்தில் 4.95 யூரோ, படுக்கைக் குழாயில் 4.15, தட்டைப் பலகையில் 5.96. வெளிச்சம், கலக்கும் செலவு, உரம், கரியமில வாயு எல்லாம் சாதகமாக அமைந்தால் 0.68 யூரோவரை இறங்கலாம் என்றார்கள். அந்தக் கடைசி எண்ணைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. அப்போது சோயா கிலோ அரை டாலர் வாக்கில் விற்றது. அதாவது எல்லாம் சரியாக நடந்தால்கூடச் சோயாவின் பக்கத்தில் வந்து நிற்கலாம், அவ்வளவுதான். அந்த எல்லாவற்றில் ஒன்று, அதிக வெயில்.

அடுத்த ஆண்டே ஸ்பெயினிலிருந்து ஒரு பதில் மாதிரி வந்தது. அல்மேரியா, ஐரோப்பாவிலேயே நல்ல வெயில் உள்ள மூலை. அங்கே பத்துக் குழாய் உலைகளை இரண்டு ஆண்டு உண்மையிலேயே ஓட்டி, வருஷத்துக்கு நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, ஆன செலவைக் கூட்டினார்கள். கிலோவுக்கு 69 யூரோ. ஆலையை எளிமையாக்கி 200 டன்னுக்குப் பெரிதாக்கினால் 12.6 யூரோவுக்கு வரும் என்றார்கள். செலவில் பெரிய பங்கு ஆள் கூலியும் தேய்மானமும். காகிதத்தில் நான்கு யூரோ, தரையில் அறுபத்தொன்பது. இரண்டையும் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஒன்று நூறு ஹெக்டேர் ஆலைக்கான கணக்கு, இன்னொன்று சில ஆட்கள் காவல் காக்கும் சிறிய ஆலையின் கணக்கு. இதைப் படித்துவிட்டு நான் நண்பரிடம் சொன்னேன்: "சார், எந்தப் பாசிக் கம்பெனி விலை சொன்னாலும், எத்தனை டன்னுக்குன்னு முதல்ல கேக்கச் சொல்லுங்க."

"வெயில் இல்லேன்னா லைட் போட்டுக்கலாமே சார்?" என்றார் அவர். நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். அதற்கும் வாகனிங்கன்காரர்களே 2013-இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். செயற்கை வெளிச்சத்தில் வளர்த்தால் ஒரு கிலோவுக்குக் கூடுதலாக 25.3 டாலர் ஆகும். வெளிச்சத்தின் சக்தியில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்குதான் பாசியில் சேருகிறது. நம் பாணியில் நானே ஒரு முறை போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ காய்ந்த பாசிக்குள் இருக்கும் சக்தி சுமார் 6 யூனிட். நூற்றுக்கு ஐந்து என்றால் 120 யூனிட் வெளிச்சம் வேண்டும். எல்.இ.டி. விளக்கு மின்சாரத்தில் பாதியை வெளிச்சமாக்குகிறது என்று வைத்தால் 240 யூனிட் மின்சாரம். ஏசி அதிகம் போடாத வீடாக இருந்தால், உங்கள் ஃபிளாட்டின் ஒரு மாத மின்சாரத்தைக் கொட்டினால் ஒரு கிலோ பச்சைப் பொடி. இதில் பம்பும் காயவைப்பதும் சேரவில்லை.

வெளிச்சமே வேண்டாம் என்ற வழியும் உண்டு. குளோரெல்லாவுக்குச் சர்க்கரை கொடுத்தால் இருட்டுத் தொட்டியில், பீர் காய்ச்சுகிற மாதிரி, வளரும். வெளியே பனி பெய்தாலும் கவலை இல்லை. ஆனால் அந்தச் சர்க்கரையை யாரோ ஒரு வயலில்தான் விளைவிக்க வேண்டும். வயலைத் தவிர்க்கத்தானே பாசியிடம் வந்தோம்.

அப்படியென்றால் குளிர் நாட்டில் இந்தத் தொழிலில் யாருமே பிழைக்கவில்லையா என்றால், பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாக்ஹோம் பக்கத்தில் குஸ்தாவ்ஸ்பெரி என்ற இடத்தில் 1990-களிலிருந்து கட்டிடத்துக்குள் விளக்கொளியில் ஒரு பாசியை வளர்க்கிறார்கள். ஹீமட்டோகாக்கஸ் என்று பெயர். அதைச் சற்றுப் படுத்தினால் சிவந்துபோய் அஸ்டாசாந்தின் என்ற சிவப்புச் சத்தைச் சேர்த்து வைக்கும், எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. இயற்கையான அஸ்டாசாந்தின் கிலோ ஆயிரக்கணக்கான டாலர். அந்த விலைக்கு முன்னால் 25 டாலர் மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை. அதே நிறுவனம் அடுத்த ஆலையை 2014-இல் அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் திறந்தது. அது கொலம்பியா ஆற்று அணைகளின் மலிவான மின்சாரம் கிடைக்கும் ஊர். ஐஸ்லாந்தில் ஹெட்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்தை ஒட்டி ஒரு கூடத்தில் எல்.இ.டி. ஒளியில் சுருள்பாசி வளர்க்கிறார்கள். மின்சாரம், வெந்நீர், தண்ணீர், கரியமில வாயு நான்கும் பக்கத்து மதில் சுவரைத் தாண்டி வருகின்றன. குளிர் நாட்டின் இரண்டு பில்லும் அங்கே சிறுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட இடங்கள் உலகில் எத்தனை இருக்கும் என்பது வேறு விஷயம்.

பிரான்சில் நடப்பதுதான் எனக்கு வியப்பு. அங்கே சிறு விவசாயிகள் பசுமைக்குடிலில் சுருள்பாசி வளர்க்கிறார்கள், 2009-இலிருந்து சங்கமே வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் மூடிவிடுவார்கள். சேமியா மாதிரிப் பிழிந்து, மிதமான சூட்டில் காயவைத்து, பண்ணை வாசலிலும் சந்தையிலும் தாங்களே விற்கிறார்கள். கிலோ 100 யூரோவுக்கு மேல். கிலோ விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் வாங்குபவர் நாளைக்குச் சாப்பிடுவது நாலைந்து கிராம். 120 யூரோ என்றாலும் நாளைக்கு 60 சென்ட், அங்கே ஒரு காபியில் பாதிகூட இல்லை. மூட்டையில் விற்க நினைத்தவர்கள் திணறிய இடத்தில் சிட்டிகையில் விற்றவர்கள் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

மூட்டையாக விற்றாலும் நாம் மூட்டையாகச் சாப்பிட முடியாது. இதுபோன்ற ஒரு செல் உணவுகளில் நியூக்ளிக் அமிலம் அதிகம். உடலில் அது யூரிக் அமிலமாக மாறும். இதனால் ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு, இவ்வகை உணவிலிருந்து வரும் நியூக்ளிக் அமிலம் நாளைக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று 1970-களில் சொன்னது. பாசிக் கணக்கில் அது சில ஸ்பூன்கள்தான். கவுட் உள்ளவர்கள் நம்மிடையே சிலர் உண்டு. சுருள்பாசி மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் நண்பரிடம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப போக வேண்டாம்னு சொல்லவா?" என்றார். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகனிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். கிலோ என்ன விலைக்கு விற்கிறார்கள்? யாருக்கு? டிசம்பர், ஜனவரியில் ஆலையில் என்ன நடக்கிறது?

நாலு நாள் கழித்து மகனின் பதிலை மொபைலில் காட்டினார். விலையைச் சொல்ல முடியாது, ஆனால் சோயாவோடு ஒப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தான். பெரும்பங்கு மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்குப் போகிறதாம், மனிதர் சாப்பிடுவதற்குப் போவது கொஞ்சம்தானாம். குளிர்காலத்தில் பாதிக் குழாயைக் காலி செய்துவிட்டுக் கழுவுவார்களாம். "புதுசா சேர்றவங்களுக்கு முதல் வேலை அதுதான் அப்பா" என்று முடித்திருந்தான்.

"மீன் குஞ்சுக்கா?" என்று நண்பர் இரண்டு முறை கேட்டார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, பிடித்ததற்குக் காரணத்தையும் சொன்னேன். மீன் குஞ்சுப் பண்ணைக்காரருக்கு அந்தப் பாசி இல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காது, விலை பேச மாட்டார். பையன் தை பிறந்ததும் கிளம்புகிறான். நடுங்கும் குளிரில் குழாய் கழுவப் போகிறவனுக்கு நல்ல ரப்பர் கையுறை எங்கே கிடைக்கும் என்று அவன் அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார். உங்களில் யாருக்காவது தெரிந்தால் டி பிளாக் செக்யூரிட்டியிடம் சொல்லி வையுங்கள்.